கப்பல் யாருடையது?

தியாகராய நகரில் முகூர்த்த நாளுக்கு மண்டபம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த விஷயத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மண்டபத்தை ஒருவர் பேசி முடித்துவிட்டால், அந்த ஒன்றரை நாளைக்கு அது அவர் வீடு. வாசலில் வாழை மரம் கட்டுவதும், மாடியில் சம்பந்தியை இறக்குவதும், சமையற்கட்டில் யார் நுழையலாம் என்று தீர்மானிப்பதும் அவர் இஷ்டம். பந்தியில் ஓர் இலை கிடைத்த விருந்தாளிக்கு அந்த இலை மட்டுந்தான் சொந்தம். அதுவும் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரையில்.

கப்பல் விஷயமும் இப்படித்தான். மயிலாப்பூரில் ஒரு குடும்பம் கடலில் உல்லாசமாக நாலு நாள் போய் வரலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கி வைக்கிறது. ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மருமகன் பம்பாயிலிருந்து வர விமான டிக்கெட்டும் வாங்கியாயிற்று. பாட்டிக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று வைத்தியரிடம் கேட்டாயிற்று. அந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வருகிறது: குறிப்பிட்ட தேதியில் கப்பல் முழுவதையும் ஒரு ஸ்தாபனம் தனக்கென்றே எடுத்துக்கொள்ள இருக்கிறது, ஆகவே தங்கள் பிரயாணம் நடைபெறாமற் போகலாம், பணத்தை வாபஸ் பெறலாம், அல்லது வேறு தேதி கேட்கலாம்.

உலகத்தின் பெரிய துறைமுகங்களில் இது பழைய சங்கதி. சென்னைக்கு இது புதிது. ஏனென்றால் உல்லாசக் கப்பலே இங்கே புதிது. 2022 ஜூன் 4-ம் தேதி 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகுதான் நம்மவர்கள், கப்பல் ஏறுவதென்றால் சிங்கப்பூருக்கோ சீமைக்கோ போவது மட்டுமல்ல, சும்மா போய்விட்டுத் திரும்பி வருவதும் உண்டு என்று அறிந்துகொண்டார்கள்.

"நான் அல்லவா முதலில் டிக்கெட் வாங்கினேன்? பின்னால் வந்தவன் பணக்காரன் என்பதற்காக என்னை இறக்கி விடுவதா?" என்று அந்தக் குடும்பத் தலைவர் கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடலின் சட்டம் இந்த நியாயத்தை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும். அந்தச் சரித்திரத்தில் நம் தூத்துக்குடிக்கு ஒரு முக்கியமான அத்தியாயம் உண்டு.

கப்பலை மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் பத்திரத்துக்கு 'சார்ட்டர் பார்ட்டி' என்று பெயர். பார்ட்டி என்றவுடன் கேக்கும் காபியும் ஞாபகத்துக்கு வந்தால் அது நம் குற்றமல்ல. ஆனால் விஷயம் வேறு. லத்தீன் மொழியில் 'கார்ட்டா பார்ட்டிட்டா' என்பதுதான் மூலம். இரண்டாகப் பிளந்த காகிதம் என்று அர்த்தம். பழைய நாளில் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே வெட்டுவார்கள். ஒரு பாதி கப்பல்காரரிடம், மறு பாதி வாடகைக்கு எடுத்தவரிடம். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, வெட்டிய விளிம்பு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்று. காகிதம் இரண்டாகத்தான் பிளக்கப்பட்டது, மூன்றாக அல்ல. டிக்கெட் வாங்கிய பிரயாணிக்கு அதில் பங்கு கிடையாது. அவர் கையில் இருப்பது ஓர் இடத்துக்கான வாக்குறுதி. கப்பல் எங்கே போகும், யாருக்காகப் போகும் என்பதெல்லாம் அந்த இரண்டு பாதிகளை வைத்திருப்பவர்களின் சமாச்சாரம்.

இதை இந்த நாட்டில் யாரையும் விட நன்றாக, யாரையும் விடக் கசப்பாக அறிந்துகொண்டவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் போக வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் தயவு வேண்டும். வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விட ஆரம்பித்து, பிறகு கீழைக் கடல் முழுவதும் வேரோடிய ஸ்தாபனம் அது. சர்க்காரின் தபால் மூட்டைகளைச் சுமக்கும் ஒப்பந்தம் அதன் முதுகெலும்பு. தூத்துக்குடி வியாபாரி மூட்டையைக் கரையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். இடம் உண்டு என்றால் உண்டு. இல்லை என்றால் இல்லை.

வ.உ.சி. வக்கீல். பத்திரங்களைப் படித்துப் பழகியவர். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 40,000 பங்குகள், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டு காரியதரிசியாக இருந்தார். வ.உ.சி. உதவிக் காரியதரிசி. பதவி சிறியது; பாரமெல்லாம் அவர் தலையில்தான்.

கம்பெனி இருந்தது, பங்குதாரர்கள் இருந்தார்கள், உற்சாகம் ஏராளமாக இருந்தது. கப்பல் மட்டும் இல்லை. ஆகவே பம்பாயில் ஷா லைன் என்ற கம்பெனியிடமிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். அதாவது, அந்தப் பிளந்த காகிதத்தின் ஒரு பாதி அவர்கள் கைக்கு வந்தது.

அந்தப் பாதி எவ்வளவு மெல்லியது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனி ஷா லைனை நெருக்கியது. ஷா லைன் பணிந்து, வாடகையை ரத்து செய்து, கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தூத்துக்குடிக் கரையில் சுதேசிக் கம்பெனியின் பெயர்ப் பலகை இருக்கிறது. எதிரே கடல் இருக்கிறது. நடுவே கப்பல் இல்லை. ஊரார் கைகொட்டிச் சிரிப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டுமா?

அவசரத்துக்குக் கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, சேவை அறுந்துபோகாமல் காப்பாற்றினார். ஆனால் இரவல் கப்பலை நம்பிக் கொடி ஏற்ற முடியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கப்பல் வாங்கியே தீருவது என்று பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் அந்தக் கடலிலேயே விழுவேன் என்று சபதம் செய்தார் என்பார்கள். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் சுதேசிக் கம்பெனியின் சொந்தக் கப்பல்களாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிதானிக்க வேண்டும். 'கப்பலோட்டிய தமிழன்' என்று ம.பொ.சி. புத்தகம் எழுதினார், 1961-ல் அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்த படமும் வந்தது. அந்தப் பட்டத்தைக் கேட்டதும் நம் மனத்தில் வருவது வீரம். வெள்ளைக்காரனை எதிர்த்த தைரியம். எனக்கு என்னவோ அந்த 25 ரூபாய்ப் பங்கில்தான் அதிக சுவாரஸ்யம். பிரயாணியாகவும், மூட்டை அனுப்புகிறவனாகவும் மட்டுமே இருந்த மனிதனை அது கப்பலின் உடைமைக்காரனாக ஆக்கிற்று. 25 ரூபாய் அன்று சிறிய தொகை அல்ல. ஆனால் ஜமீன்தார்களுக்கு மட்டுமே எட்டுகிற தொகையும் அல்ல. காகிதத்தில் மூன்றாவது பாகம் இல்லையா? சரி, முதல் பாகத்தையே நாம் எடுத்துக்கொள்வோம் என்றார் வ.உ.சி. டிக்கெட் வைத்திருப்பவனின் பிரச்சினைக்கு அதைவிட முழுமையான பதிலை இதுவரையில் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். அது இன்னும் இறங்கிற்று. கடைசியில் இனாமாகவே ஏறிக்கொள்ளுங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்று சொன்னதாகத் தென்பாண்டிச் சீமையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். இலவசமாகக் கொழும்பு, கையில் புதுக் குடை! வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

குடை செய்யாததைச் சர்க்கார் செய்தது. 1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார்: தம் பேச்சுக்காக இருபது ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்காக இருபது ஆண்டு. பிறகு மேல் கோர்ட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் அவர் 1912 டிசம்பரில் வெளியே வருவதற்குள் கம்பெனி முறிந்து, 1911-லேயே கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் கைமாறிப் போயின. அடையாற்றிலிருந்து சர்தார் படேல் சாலை வழியாகக் கிண்டிப் பக்கம் போகிறவர்கள் காந்தி மண்டபத்துக்குள் ஒரு முறை நுழைந்து பார்க்க வேண்டும். கோயமுத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த கல் செக்கை அங்கே வைத்திருக்கிறார்கள். சுதேசிக் கம்பெனியின் கப்பலில் ஓர் ஆணி கூட நம் பார்வைக்கு எஞ்சவில்லை. செக்கு எஞ்சியிருக்கிறது.

ஆக, வாடகைக் கப்பல் போதாது என்று கண்டு சொந்தக் கப்பல் வாங்கினால், அதையும் கரையில் இருக்கிற அதிகாரம் நிறுத்திவிடும். இந்தப் பாடத்தைச் சில ஆண்டுகளில் இன்னொருவரும் படிக்க நேர்ந்தது.

குர்தித் சிங் என்ற பஞ்சாபி வியாபாரி 1914-ல் ஹாங்காங்கில் 'கோமகாட்டா மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை ஆறு மாதத்துக்கு வாடகைக்குப் பேசினார். கனடா நாட்டில் அப்போது ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. பிறந்த நாட்டிலிருந்து வழியில் மாறாமல் ஒரே பிரயாணமாக வருகிறவர்தான் இறங்கலாம் என்றது அது. இந்தியாவிலிருந்து அப்படி நேராகப் போகும் கப்பல் சர்வீஸே கிடையாது! கப்பலை நாமே எடுத்துக்கொண்டால் இந்தப் பூட்டைத் திறந்துவிடலாம் என்பது குர்தித் சிங்கின் நம்பிக்கை. 376 பேர் அவரை நம்பி ஏறினார்கள். மே 23-ம் தேதி வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மாதம் கப்பல் துறைமுகத்திலேயே நின்றது. ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் முதலான இருபத்து நான்கு பேரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. நிறவெறி ஒரு பக்கம் இருக்க, வாடகைத் தவணையும் அவர்கள் கழுத்தில் கத்தியாகத் தொங்கிற்று. தவணை தவறினால் கப்பல் சொந்தக்காரருக்குத் திரும்பிவிடும். வான்கூவர் கரையில் மர ஆலைகளில் உழைத்துக்கொண்டிருந்த இந்தியர்கள் காசு காசாகச் சேர்த்து அந்தத் தவணையைக் கட்டினார்கள். கண்ணுக்கு எதிரே கப்பல். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் சொந்த மனிதர்கள். அவர்களை இறக்கிக்கொள்ள முடியாது, அவர்கள் நிற்கும் கப்பலுக்கு வாடகை மட்டும் கட்டலாம்! ஜூலை 23-ம் தேதி போர்க்கப்பல் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29-ம் தேதி கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் மாண்டார்கள். 2016 மே மாதம் கனடாவின் பிரதமர் தம் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்து வந்தாலும் மன்னிப்பு மன்னிப்புத்தான்; வேண்டியவர்கள் கேட்க இல்லையே என்பதுதான் குறை.

கப்பல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் சக்தி எல்லாரையும் விட அதிகமாக உள்ளவர் யார் என்று கேட்டால், பணக்காரரல்ல, சர்க்கார்தான் என்பேன். யுத்தம் வந்துவிட்டால் சர்க்கார் வாடகை பேசுவதில்லை, உத்தரவு போடுகிறது.

'ரஜூலா' என்ற பெயரைச் சொன்னால் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வயோதிகர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறை அதன் தளத்தில்தான் பாய் விரித்துப் படுத்தது. பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனி 1926-ல் அதைக் கட்டியது. அதே ஆண்டில் கட்டிய சகோதரக் கப்பல் 'ரோனா'. இரண்டும் சென்னைக்கும் மலாய் நாட்டுக்கும் ஓடியவை. இரண்டாம் உலக யுத்தத்தில் இரண்டையும் சர்க்கார் துருப்புகளுக்காக எடுத்துக்கொண்டது. கரும்புத் தைலமும் ஊறுகாய் ஜாடியும் ஏறிய தளத்தில் துப்பாக்கியும் சிப்பாயும் ஏறினார்கள்.

1943 நவம்பர் 26-ம் தேதி அல்ஜீரியக் கரைக்கு அப்பால், அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்த 'ரோனா'வை, ரேடியோ அலைகளால் செலுத்தப்பட்ட ஒரு ஜெர்மானியக் குண்டு தாக்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். செய்தி வெகுகாலம் வெளியே வராமல் அமுக்கி வைக்கப்பட்டது. 'ரஜூலா' பிழைத்து வந்து, மறுபடியும் நம் ஜனங்களைச் சுமந்து, 1973 வரையில் உழைத்து ஓய்வு பெற்றது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு கப்பல்களுக்கு எத்தனை வித்தியாசமான ஜாதகம்!

சமாதான காலத்தில் இப்படி நடக்காது என்று நினைத்தால் அதுவும் தவறு. 1982 ஏப்ரலில் 'உகாண்டா' என்ற கப்பல் நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலில் கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. அதுவும் நம் பழைய பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனிக்காகக் கட்டிய கப்பல்தான். பாக்லந்துத் தீவுகளுக்காக இங்கிலாந்துக்கும் அர்ஜெண்டினாவுக்கும் சண்டை மூண்டது. கப்பல் தேவை என்று உத்தரவு வந்தது. பிள்ளைகளை நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, ஜிப்ரால்டரில் சில நாட்களுக்குள் அதை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் 'குவீன் எலிஸபெத் 2'-க்கும் அதே கதிதான். டிக்கெட் வாங்கியிருந்த சீமான்கள் வீட்டில் இருந்தார்கள்; அவர்களுக்காகச் சித்தம் செய்த அறைகளில் சிப்பாய்கள் தெற்கே போனார்கள். காயம்பட்டவனுக்குக் கட்டில் வேண்டும் என்றால், சுற்றுலாவை யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். 2004-ல் ஆதென்ஸில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது 'குவீன் மேரி 2' கப்பலை மிதக்கும் ஹோட்டலாக வாடகைக்கு எடுத்தார்கள். அங்கே காயமும் இல்லை, யுத்தமும் இல்லை. கம்பெனிக்கு அது லாபமான பேரம், அவ்வளவுதான்.

நம் மயிலாப்பூர்க் குடும்பத்துக்கு வந்த கடிதம் இந்தக் கடைசி ரகத்தைச் சேர்ந்தது. பல கப்பல் கம்பெனிகள் டிக்கெட்டின் பொடி எழுத்தில், முழுக் கப்பலையும் வாடகைக்கு விட நேர்ந்தால் பிரயாணத்தை ரத்து செய்யும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொள்கின்றன. பின்னால் வந்தவருக்கு ஏன் முன்னுரிமை? இரண்டாயிரம் பேரைத் தனித்தனியாகக் கூவி அழைத்து அறைகளை நிரப்புவதைவிட, ஒரே கையெழுத்தில் அத்தனை அறைக்கும் பணம் வாங்குவது சௌகரியம். அறை காலி கிடக்குமோ என்ற கவலை வாடகைக்கு எடுத்தவர் தலைக்குப் போய்விடுகிறது. பேரம் முடியும் வரையில் கம்பெனி வாயைத் திறக்காது. அந்தத் தேதிக்குப் புது டிக்கெட் விற்பது மட்டும் திடீரென்று நின்றுவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கண்டே ஊகித்துக்கொள்வார்கள்.

கப்பல் டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். திரும்பாதவை மற்றவை: மருமகனின் விமான டிக்கெட், ஹோட்டல் முன்பணம், எழுதி வாங்கிய லீவு, பாட்டியின் ஆசை. இவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும். அதுவும் உடனே, எழுத்து மூலமாக. டிக்கெட் வாங்கும்போதே பொடி எழுத்தைப் படிப்பது நல்லது. ரத்து செய்தால் பணம் தருகிற விமான டிக்கெட்டாக வாங்குவது அதைவிட நல்லது. நம் நாட்டில் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேவையில் குறை என்று தோன்றினால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். பிளந்த காகிதத்தில் பிரயாணிக்கு இல்லாத அந்த மூன்றாவது பாகத்தைச் சட்டம் சிறிதளவாவது எழுதித் தந்திருக்கிறது. வ.உ.சி. காலத்துத் தூத்துக்குடி வியாபாரிக்கு இந்த அளவுகூடக் கிடையாது.

இன்னொரு சங்கதி. ரத்துக் கடிதத்தோடு சில கம்பெனிகள் ஒரு சலுகையையும் நீட்டும். அடுத்த பிரயாணத்தில் இவ்வளவு தள்ளுபடி, கப்பலில் செலவழிக்க இவ்வளவு தொகை, இப்படி ஏதாவது ஒன்று. வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பணமாகக் கேட்டால் எவ்வளவு வரும், இதை வாங்கிக்கொண்டால் மற்ற நஷ்டங்களைக் கேட்கும் உரிமை போய்விடுமா என்று விசாரியுங்கள். கப்பல் கம்பெனி இனாமாகக் குடை கொடுத்தால், மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது நூறு ஆண்டுக்கு முன்பே தெரியும்.